பொன்னுரங்கத்தின் இருபத்துநாலு டிகிரி

பல் துலக்குவதற்கு முன்பே பொன்னுரங்கம் பிளாஸ்டிக் டப்பின் முன்னால் குந்திவிடுவார். ஏ.சி. காற்றைச் சோதிக்கும் கம்பி வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணைப் படிப்பார். "இருபத்தேழு கீது. ஒத்துவராது." பிறகு மாடியேறி என் கதவைத் தட்டுவார். என் ஃப்ரீசரில் பாதி இடம் அவருடைய உறைந்த தண்ணீர் பாட்டில்களுக்கு. நான் மீன் வாங்கி வைத்து ஒரு வருடமாகிறது. கேட்டால், "மீனு இன்னா சார், எப்ப வோணா துன்லாம்" என்பார்.

டப்பில் நிற்பவை நான்கு கண்ணாடி பாட்டில்கள். உள்ளே இஞ்சியும் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துப் புளிக்க வைத்த பானம். திறந்தால் சோடா போலப் பொங்கும். அடையாறில் ஒரு ஹோட்டலின் குளிர் அறையைப் பழுதுபார்க்கப் போனபோது, அங்கிருந்த சமையல்காரர் செய்முறையைச் சொல்லி, உறைக்கு ஒரு கரண்டி கலவையும் கொடுத்தனுப்பினாராம். அந்த உறை இப்போது ஊறுகாய் ஜாடியில் நுரைத்துக்கொண்டிருக்கிறது. தினம் ஒரு கரண்டி துருவிய இஞ்சி, ஒரு கரண்டி சர்க்கரை போட வேண்டும். "குயந்தைக்கு சோறு போட்டியா பாய்?" என்று வேலைக்குப் போன இடத்திலிருந்து போன் வரும்.

பாய் என்பது நூர் முஹம்மது. கோடம்பாக்கத்தில் சினிமா நடனங்களுக்கு உடை தைத்தவர். மனைவி இறந்த பிறகு, தி.நகரில் என் கீழ்வீட்டில் பொன்னுரங்கத்தோடு பங்கு போட்டுக் குடியிருக்கிறார். எட்டு வருடமாகிறது. பொன்னுரங்கம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "டைம் கெடைக்கல சார்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

ஊருக்கெல்லாம் ஏ.சி. மாட்டுகிற மனிதரின் வீட்டில் ஏ.சி. கிடையாது. குளிர்ந்தால் பாயின் முட்டி பிடித்துக்கொள்ளும். பாய் சூடாக இருக்க வேண்டும், பாட்டில் குளிர்ந்திருக்க வேண்டும், இரண்டும் ஒரே அறையில். அதற்குத்தான் டப், ஐஸ், டேபிள் ஃபேன். பாட்டில்களுக்குப் பாய் தைத்துப் போட்ட சட்டை வேறு: உள்ளே ஈரம் பிடிக்கிற பனியன் துணி, வெளியே நடன உடையில் மிஞ்சிய ஜிகினா. நாலும் வரிசையாக நிற்கும்போது பாட்டு போட்டால் ஆடிவிடும் போலிருக்கும்.

சாமான்களுக்கும் சட்டதிட்டம் உண்டு. இஞ்சி, ஈர மணல் நிரப்பிய தொட்டியில். சர்க்கரை பிஸ்கெட் டப்பாவில். எறும்புக்குப் பயந்து டப்பா தண்ணீர்த் தட்டில். ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். இடப்பக்கம் பாயின் கறியும் மருந்தும், வலப்பக்கம், சோறு தின்று நுரைத்த பிறகு, ஜாடி. புரட்டாசி மாதம் கறி தானாகக் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை பொன்னுரங்கம் வெளியூர் போனபோது, பாய் தையல்காரரின் சுத்தத்தோடு இஞ்சியைத் தோல் சீவி, வெந்நீரில் அலசி ஜாடியில் போட்டார். நுரைக்கிற சங்கதியெல்லாம் தோலில்தான் இருக்கிறது. மூன்றே நாளில் ஜாடி அடங்கிவிட்டது. திரும்பி வந்தவர் திட்டவில்லை. "குயந்தைய வென்னீர்ல குளுப்பாட்டிட்டியே பாய்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி உறைக்காக அடையாறுக்குப் பஸ் ஏறினார்.

பாய்க்கு ஒரு வரையறை உண்டு. பாட்டிலில் ஊற்றியதிலிருந்து மூன்றாம் நாள் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை குடிப்பார். அதற்கு மேல் போதை ஏறிவிடலாம் என்று தொடமாட்டார். ஊற்றிய நாளையும் நேரத்தையும் தையல் சாக்பீஸால் சட்டையின் மேல் எழுதுவது பொன்னுரங்கத்தின் வேலை. சென்னை வெயிலில் சும்மா விட்டால் சீக்கிரமே சாராய வாடை வந்துவிடும். ரொம்பக் குளிர்ந்தால் மூன்று நாளிலும் பொங்காது. இருபத்துநாலு டிகிரிக்கு அவர் மல்லுக்கட்டுவது இதனால்தான். வெளியே நண்பர்களோடு பீர் சாப்பிடுகிறவர்தான். ஆனால் இந்த எட்டு வருடத்தில் ஒரு பீர் பாட்டில்கூட அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

போன மாதம் பாய் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகள் ஜஹீதா பாலவாக்கத்திலிருந்து ஓடிவந்தாள். மருந்து வைக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள் ஜாடியின் புளித்த வாடையைச் சாராயம் என்றே நினைத்து முகம் சுளித்தாள். "இதெல்லாம் இருக்கிற வீட்ல அத்தா இருக்க வேணாம் மாமா. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள். "ஒரு வாட்டி குடிச்சுப் பாரும்மா. அப்பால சொல்லு" என்றார் பொன்னுரங்கம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊற்றி வைத்தார். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மணிக்கொரு தரம் வெப்பமானி, மணிக்கொரு தரம் என் கதவு. ஞாயிறு மதியம் ஒரு பாட்டிலைத் திறந்து எனக்குக் கொடுத்தார். சுர்ரென்று மூக்கில் ஏறியது. அவர் செய்ததிலேயே அதுதான் அருமையானது. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஜஹீதா அன்று வரவில்லை. திங்கள் காலையில்தான் வந்தாள்.

நான் ஐஸ் பாட்டிலோடு கீழே இறங்கியபோது பாயின் துணிமணிகளும் மருந்தும் ஒரு பைக்குள் போயிருந்தன. "சரி, குடுங்க மாமா, பாக்கலாம்" என்று அவளே டம்ளரை நீட்டினாள். பாட்டில்கள் இருபத்துநாலிலேயே நின்றிருந்தன. சாக்பீஸ் எழுத்து ஈரத்தில் பாதி அழிந்திருந்தது. ஊற்றியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஊற்றுங்களேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

பொன்னுரங்கம் மிச்சமிருந்த மூன்று பாட்டிலையும் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். வாழையடியில் நுரை வெள்ளையாகப் பொங்கி அடங்கியது.

"என்ன மாமா இது?"

"நேத்து அஸரோட டைம் முடிஞ்சிச்சும்மா. பாய் வூட்ல அதுக்கப்பறம் யாருக்கும் ஊத்தறது இல்ல."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "ரங்கம் எப்பவும் இப்படித்தான்மா" என்றார் பாய். ஜஹீதா அந்தக் காலி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையிலிருந்த மருந்தை எடுத்து ஃப்ரிட்ஜில் டேப்புக்கு இடப்பக்கம் வைத்தாள்.

"அடுத்தது எப்ப ஊத்துவீங்க?"

"இப்பவே ஊத்திர்றேன். சக்கரத் தண்ணி ஆறிக்கினு கீது."

நான்கு பாட்டிலையும் நிரப்பி, ஜிகினாச் சட்டையை மாட்டி, டப்பில் இறக்கினார். நான் கொண்டுவந்த ஐஸைப் பக்கத்தில் வைத்தார். வெப்பமானியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். பிறகு நாளும் நேரமும் எழுதுவதற்காகச் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, ஜஹீதாவிடம் நீட்டினார்.