நெஞ்சுவலி என்று சொல்லி வைத்திருந்தேன்

குறுவை நெல்லுக்கு ஆற்றில் தண்ணீர் வராமல் போன வருடம் அது. என் வீட்டுக்காரர் இறந்து நாலு மாதம். சோறு தூக்கம் இல்லாமல் கிடந்த என்னை, வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் வாரம் ஒருநாள் மன்னார்குடியில் கூடிப் பேசும் குழுவுக்கு டாக்டர் அனுப்பினார்.

ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்காருவோம். நடத்திய மேடம் அதிகம் பேசமாட்டார். முதல் இரண்டு வாரம் பஸ் நேரத்தைத் தவிர யாரும் எதுவும் பேசவில்லை. “இங்க டீ நல்லா இருக்கும்மா, அதுக்குத்தான் வர்றேன்” என்றார், மனைவியை இழந்த மளிகைக்கடை பாய். பிறகு ஒவ்வொருவராக மனசைத் திறந்து அழுதார்கள். நான் மட்டும், என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போனதாகச் சொன்னேன். பொய். கருகிப்போன வயலிலேயே தன் உயிரை முடித்துக்கொண்டவர் அவர். மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். விஷயம் தெரிந்தால் நின்றுவிடும். அப்படிப் போனவர்களுக்குக் கதியில்லை என்பார்களே, அந்தப் பயம் வேறு.

ஐந்தாவது வாரம் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் நிலத்தில் வேலை செய்த குடும்பம். கூலித் தகராறில் கொடி பிடித்தார்கள் என்று அவர்கள் குடிசையை என் வீட்டுக்காரர் பிரித்துப் போட வைத்தார். வாய்க்கால் கரையில் போய் ஒண்டினார்கள். அங்கே பாம்பு கடித்து அவள் மகன் இறந்தான். என் வீட்டுக்காரரை வயலிலிருந்து தூக்கி வந்ததே அவள் புருஷன்தான். அவளுக்கு எல்லாம் தெரியும்.

மகனைப் பற்றிச் சொல்லி அழுதாள். அவள் பேச்சை முடித்துவிடும் அவசரத்தில் நான் வாயை விட்டேன்.

“எல்லாம் விதிம்மா. ஈசன் எழுதினது. மனசத் தேத்திக்க.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “விதியா வந்து எங்க கூரையப் பிரிச்சிச்சு? உங்க வீட்டுக்காரரு ஆள் வச்சுப் பிரிச்சாரு. நீங்க களத்துமேட்டுல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?”

அடுத்து என் வீட்டுக்காரர் செத்த விதத்தையும் சொல்லிவிடுவாள் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லவில்லை. மேடம் எங்களைச் சமாதானப்படுத்தவும் இல்லை. சாவையும் தனிமையையும் யாராலும் தீர்த்து வைக்க முடியாது, செய்ததற்கும் செய்யாததற்கும் அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் போகவே கூடாது என்றிருந்தேன். ஆனாலும் போனேன். என் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்பதைச் சொன்னேன். களத்துமேட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. பாய் தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தார்.

வெளியே வந்ததும் அவளிடம், போன வாரமே நீ ஏன் அதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எம்புள்ள சாவ நான் சொன்னேன். உங்க வீட்டு சாவ நீங்கதாங்கம்மா சொல்லணும்.”

மன்னித்துவிடு என்றேன். “அது என்னால ஆகாதுங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே உண்மையைச் சொன்னேன். அந்த வரன் நின்றது. குடிசை இருந்த இடமும் கைமாறிப் போய்விட்டது, திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அமாவாசைக்கு மோட்ச தீபம் ஏற்றும்போது என் வீட்டுக்காரர் பெயரோடு அந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்கிறேன். அதனால் எதுவும் தீராது என்று தெரியும். ஆனால் சாமி முன்னால் நிற்கும்போது, நாங்கள் செய்ததை ஈசன் எழுதினது என்று அவன் தலையில் போடாமல் நிற்கிறேன்.