கேம்ப் பாஸின் நாற்காலி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாத வெள்ளிக்கிழமை. அமீரகத்தின் அல் ஐன் நகரில், சனாயா என்று எல்லோரும் சொல்கிற தொழிற்பேட்டை. தகரக் கொட்டகைகள் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில், ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஆட்கள் தங்கும் லேபர் கேம்ப். பாதிக்கு மேல் நம் ஊர் ஆட்கள்.

எங்கள் அமைப்பு பிறந்தது அந்தக் கேம்ப்பின் கேட்டுக்கு வெளியே, ஒரு காரின் டிக்கியில். இந்தியப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த ஒரு பெண்மணி, எங்கள் எல்லோருக்கும் டீச்சர், லீவு நாளில் தைலமும் ஒரு பிரஷர் கருவியும் எடுத்துப் போய் நிற்பார். கேம்ப் ஆட்கள் கைலியோடு வருவார்கள். கையில் பட்டை சுற்றி அவிழ்ப்பதற்குள் மூட்டுவலி, தூக்கமின்மை, மனைவியின் கோபம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போவார்கள்.

பிறகு வளர்ந்தோம். உரிமம் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் கீழ் சேர்ந்தோம். டாக்டர்களும் நர்ஸ்களும் வந்தார்கள், பஸ் வந்தது, நீல டி-ஷர்ட் வந்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் முதன்முதலாகக் கம்பெனி அனுமதியோடு கேட்டைத் தாண்டினோம். ஏசி போட்ட மெஸ் ஹாலில் மேசை தந்தார்கள். ஒரே நிபந்தனை: கேம்ப்பை மேற்பார்வையிடும் கேம்ப் பாஸ் ஹாலிலேயே இருப்பார். அதை எங்களுக்குச் செய்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டோம்.

எகிப்து நாட்டுக் கண் டாக்டருக்கு நான் மொழிபெயர்ப்பாளன். டீச்சர் காலையிலேயே சொல்லியிருந்தார். சாரம் கட்டும் வேலைக்காரர் ஒருவர், பெரம்பலூர்ப் பக்கம். வலது கண்ணில் புகை மூடுகிறது என்று போனில் அழுதிருக்கிறார். அந்தக் கண்ணோடுதான் தினமும் உயரத்தில் ஏறுகிறார். "அவர மட்டும் விட்டுடாதீங்க."

வரிசை நகர்ந்தது. தலைவலி உண்டா? ஒண்ணுமில்ல சார். தூக்கம்? நல்லா வருது சார். இடுப்பு? கல்லு மாதிரி இருக்கு சார். ஒருவர் பின் ஒருவராக, வெயிலில் வெந்து வந்த அத்தனை உடம்புகளும் நோயற்றுப் போயின. எதை மொழிபெயர்ப்பது? டாக்டர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பெரம்பலூர்க்காரரும் வந்தார். அட்டையில் எழுத்துகளைக் காட்டும் முன்பே, "கண்ணு சூப்பரா தெரியுது சார்" என்று எழுந்துவிட்டார்.

வாட்டர் கூலர் அருகே அவரைப் பிடித்தேன்.

"ஏங்க, போன்ல அழுதீங்களாமே?"

"மெதுவா பேசுங்க சார். உள்ள பாஸ் உக்காந்துருக்காரு பாருங்க. கண்ணு போச்சுன்னு காதுல விழுந்தா விசாவ கேன்சல் அடிச்சு ஊருக்கு ஏத்திருவாங்க. நீங்க கேட்டுக்கு வெளிய நின்னப்பவே நல்லா இருந்துச்சு சார்."

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். கேம்ப் பாஸை வெளியே போகச் சொன்னால் அனுமதியும் கூடவே போய்விடும். டீச்சர் நேராகக் கேம்ப் பாஸிடம் போனார்.

"அண்ணே, முதல்ல நீங்க காட்டுங்க. உங்களப் பார்த்துத்தான் மத்தவங்களுக்குத் தைரியம் வரும்."

கேம்ப் பாஸ் ராமநாதபுரத்துக்காரர். அவரும் ஒரு காலத்தில் சிமெண்ட் சுமந்தவர்தான். "எனக்கு என்ன டீச்சர், இரும்பு!" என்று சிரித்தபடி கையை நீட்டினார். வரிசையில் ஒரு குரல்: "இரும்புதான். துருப்பிடிச்சிருக்கான்னு பாருங்க." ஹாலே சிரித்தது.

பிரஷர் கருவி காட்டிய எண்ணைப் பார்த்த நர்ஸ் சிரிக்கவில்லை. சர்க்கரையும் பார்த்தார். அதுவும் ஏறியிருந்தது. கேம்ப் பாஸ் எண்ணைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், குனிந்தார். மேசையருகே நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"டீச்சர்... இது ஆபீசுக்குப் போகுமா?"

"உங்களுது போகாதுண்ணே." பிறகு, அதே தணிந்த குரலில், "அவங்களுதும் போகக் கூடாதுல்ல?"

கேம்ப் பாஸ் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். நாற்காலியைத் தூக்கினார். கதவைத் தாண்டி வெயிலில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ஆபீஸ்ல கேட்டா நான் உள்ளதான் இருந்தேன். கதவச் சாத்துங்க, ஏசி போகுது."

கதவைச் சாத்தினோம். வரிசை அப்படியே திரும்ப முதலிலிருந்து வந்தது. கல் மாதிரி இருந்த இடுப்புகள் வலித்தன. நல்லா தூங்கியவர்கள் தூங்கவே இல்லை. சொற்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன, என் ஆங்கிலம் பின்னால் ஓடியது. பெரம்பலூர்க்காரர் தானாகவே இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இப்ப நீங்க வெறும் நீலம் சார். மூஞ்சி இல்ல."

கண்புரை, ஆபரேஷனில் சரியாகிவிடும், அதுவரை உயரத்தில் ஏறவே கூடாது என்றார் டாக்டர். கம்பெனியிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறு வாரமே அவருக்குக் கீழே ஸ்டோரில் டியூட்டி விழுந்தது. யார் மாற்றினார்கள் என்று அவரும் கேட்கவில்லை, கேம்ப் பாஸும் சொல்லவில்லை. லீவில் ஊருக்குப் போய் ஆபரேஷன் முடித்துத் திரும்பி வந்தார்.

இப்போது இன்னும் பெரிதாகிவிட்டோம், பல கேம்ப்களுக்குப் போகிறோம். அனுமதி பேசும்போதெல்லாம் தாளிட்டுக்கொள்ள முடிகிற ஓர் அறை வேண்டும் என்று டீச்சர் முதலிலேயே கேட்டுவிடுகிறார். வளர வளர எங்களுக்குக் கதவுகள் தானாகத் திறக்கின்றன. எந்தக் கதவை யாருக்காகச் சாத்தித்தர வேண்டும் என்பதைத்தான் ஒவ்வொரு ஊரிலும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.