அஞ்சலை ஏற்றிய இரண்டாவது பாட்டில்

அஞ்சலை ஒரு காலத்தில் தண்டல்காரர் கன்னியப்பனுக்கு இருபதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த வருஷம், அண்ணனூரில் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வாங்கியது. ஒரு தவணை தப்பினாலும் கன்னியப்பன் தெருவில் வண்டியை நிறுத்தி, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அவள் பேரைச் சொல்லிக் கத்துவார். அந்தக் கடனை அவள் யார் காலிலும் விழுந்து அடைக்கவில்லை. ஊசி போட்டு அடைத்தாள்.

பள்ளிக்கூடம் அவளுக்கு மூன்றாம் வகுப்போடு சரி. ஒரு நர்சிங் ஹோமில் தரை துடைக்கச் சேர்ந்தவள், நர்சம்மாக்களுக்குக் கை ஓயும்போது டிரிப்ஸ் பாட்டில் மாற்றிக் கொடுத்தாள். அப்புறம் நரம்பு பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அப்புறம், நரம்பு அகப்படாத கேஸ் வந்தால் டாக்டரே "அஞ்சலையக் கூப்பிடு" என்று சொல்லும்படி ஆனாள். பச்சைக்குழந்தையின் புறங்கையானாலும் சரி, குத்திக் குத்திக் கறுத்துப்போன கிழவர் கையானாலும் சரி, அவள் விரல் தடவினால் நரம்பு எழுந்து வரும். சும்மா சொல்லவில்லை, வந்தது. வேலையை விட்ட பிறகு அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் வீடு வீடாகப் போய் டிரிப்ஸ் ஏற்றினாள். காய்ச்சலா, பேதியா, கலியாண வீட்டு அசதியா, கூப்பிடு அஞ்சலையை. கைராசிக்காரி என்று பேர். அவள் சேர்த்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

அதனால்தான், போன சித்திரை மாதம் கன்னியப்பன் வீட்டிலிருந்தே ஆள் வந்தபோது, இருக்கிறதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாடி வீடு. கன்னியப்பன் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம்.

"வா அஞ்சலம்மா. சோறே எறங்கல. கையும் காலும் பஞ்சாட்டம் கீது. ஒரு பாட்டில் ஏத்து."

"இன்னா அண்ணாத்தே, அப்ப தெருவுல போட்ட சத்தத்துல பாதி கூட வரலியே?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "கத்துனதாலதான நீ கட்டுன. ஆஸ்பத்திரி புள்ளைங்க கை பூரா குத்திப் பாத்துட்சிங்க. உன் கை மாதிரி வருமா?"

அவர் மகள் சித்ரா கதவோரம் நின்றிருந்தாள். "அக்கா, ஹார்ட்டு வீக்கா கீதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு மேல கூடாதாம். ஒண்ணுக்குப் போறதயும் அளக்கச் சொன்னாரு. டிரிப்ஸ் ஏத்தலாமா?"

"ஒரு லிட்டரு! மாடியில கீற செடிக்கே அதுக்கு மேல ஊத்துறா இவ," என்றார் கன்னியப்பன்.

அஞ்சலை அவர் காலைப் பார்த்தாள். வீங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது. நர்சம்மாக்கள் இப்படி அழுத்திப் பார்ப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பார்த்து என்ன முடிவு செய்வார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்த மனுஷன் முன்னால் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"டாக்டருங்க அப்டித்தான் பயமுறுத்துவாங்க. நான் பாக்காத ஒடம்பா?"

ஒரே குத்து. பாட்டில் ஜன்னல் கம்பியில் தொங்கியது. அது காலியானபோது கன்னியப்பன் உற்சாகமாகத்தான் இருந்தார். கஞ்சி குடித்தார். "தெம்பு வந்துட்சி. இன்னொண்ணு போடு. துட்டு போனா போவுது."

"அக்கா, காலைலேர்ந்து அப்பா ஒண்ணுக்கே போவல," என்றாள் சித்ரா.

"ஏறுனதெல்லாம் ஒடம்புல சேந்துட்சி, அதான்," என்று அஞ்சலை இரண்டாவது பாட்டிலை மாட்டினாள். ஷேர் ஆட்டோ கிடைக்கிற நேரத்துக்குள் முடிய வேண்டுமே என்று, சொட்டு வேகமாக விழும்படி குழாயில் இருந்த சக்கரத்தைக் கொஞ்சம் தளர்த்தியும் விட்டாள்.

பாதி இறங்கியிருக்கும். கன்னியப்பனுக்கு இருமல் பிடித்தது. நெஞ்சுக்குள் உலை கொதிக்கிற மாதிரி சத்தம். உதடு கறுத்தது. வாயோரம் ரத்தம் கலந்த நுரை வந்தது. அஞ்சலை சக்கரத்தை இறுக்கி மூடினாள். முதுகில் கை கொடுத்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட பூந்தமல்லி ரோட்டில் ஆம்புலன்ஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. ஆஸ்பத்திரியில் பெனிஷா என்கிற நர்ஸ் ஆக்சிஜன் மாட்டினாள், நீர் பிரிகிற ஊசி போட்டாள், சிறுநீருக்குக் குழாய் வைத்துப் பையைத் தொங்கவிட்டாள்.

"எவ்வளவு ஏத்துனீங்க?"

"ஒண்ணர பாட்டிலு," என்றாள் அஞ்சலை.

"வெளிய எவ்வளவு போச்சு?"

அஞ்சலை சித்ராவைப் பார்த்தாள். சித்ராதான், "ஒண்ணுமே போவல சிஸ்டர்," என்றாள்.

"ஹார்ட் வீக்கானவங்களுக்கு உள்ள போறதையும் வெளிய வர்றதையும் சேத்துத்தாம்மா பாக்கணும். வெளிய போகாத தண்ணி காலுல தேங்கும். அதுக்கு மேலயும் ஏத்துனா நுரையீரல்ல போய் நிக்கும். தண்ணிக்குள்ள முழுகுன மாதிரிதான் இப்ப இவரு." பெனிஷா திட்டவில்லை. சொல்லிக்கொண்டே குனிந்து பையில் இருந்த அளவுக் கோட்டைப் பார்த்தாள். அடியில் டீ நிறத்தில் கொஞ்சமே கொஞ்சம்.

அஞ்சலையும் பார்த்தாள். அந்த மாதிரிப் பைகளைக் கணக்கில்லாமல் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள். அதில் கோடு எதற்குப் போட்டிருக்கிறது என்று யோசித்ததே இல்லை.

விடிவதற்குள் கன்னியப்பன் போய்விட்டார்.

அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் அஞ்சலை போகவில்லை. ஒடம்பு சரியில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டாள். காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் சித்ரா அண்ணனூருக்கு வந்தாள்.

"என்னிய நாலு வார்த்த திட்டிட்டுப் போயிடு சித்ரா."

"திட்டி இன்னா ஆவப்போவுது? நானும்தான பக்கத்துல நின்னுகினு இருந்தேன்." சித்ரா பர்ஸைத் திறந்தாள். "ரெண்டு பாட்டிலு, ஏத்துன கூலி, உன் ஆட்டோ காசு."

"வேணாம்மா. அந்தத் துட்ட நான் தொடமாட்டேன்."

"யாருக்கும் பாக்கி வெச்சிட்டுப் போனாருன்னு எங்கப்பாவுக்குப் பேரு வேணாம். கைய நீட்டுக்கா."

அஞ்சலை நீட்டவில்லை. சித்ராவே அவள் கையைப் பிடித்து, மடங்கியிருந்த விரல்களைப் பிரித்துவிட்டாள். பிறகு விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தாள்.