முப்பத்தெட்டு கிலோமீட்டரில் ஒரு வெளிமாநிலம்

காலை 6.40. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டி ஏறினோம், நானும் என் மகள் கயல்விழியும். என் பையில் மூன்று தண்ணீர் பாட்டில், நான்கு எலுமிச்சம்பழம், தலைவலித் தைலம், மனைவி கட்டிக் கொடுத்த புளிச்சோறு, மதிப்பெண் சான்றிதழின் ஏழு நகல்கள். வெளிமாநிலம் போகிறவன் இதுகூட இல்லாமல் போக முடியுமா? வெளிமாநிலம் என்பது புதுச்சேரி. எங்கள் வீட்டிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

சிரிக்காதீர்கள், விண்ணப்பத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. அங்கே ஒரு தனியார் கல்லூரியில் கயலுக்குக் கடல் உயிரியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. புதுச்சேரிக்காரர் பிள்ளைகளுக்கு வருடம் நாற்பதாயிரம், வெளிமாநிலத்தாருக்கு எழுபதாயிரம். விழுப்புரம் கல்லூரியில் விலங்கியல் இடமும் கையில் இருந்தது, பன்னிரண்டாயிரத்துக்கு. புதுச்சேரியில் பணம் கட்ட அன்று மாலை நான்கு மணிதான் கெடு.

பத்து நாளாக நான் தீவிரமாக முடிவெடுத்துக்கொண்டிருந்தேன். அதாவது பம்புசெட் பழுது பார்க்கும் என் கடையில், சரியாக இருந்த இரண்டு மோட்டார்களைப் பிரித்துப் போட்டிருந்தேன். கடைசியில் கயலே வழி சொன்னாள்: "ரெண்டு காலேஜயும் ஒரே நாள்ல பாத்துடலாம்பா. நீ இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா பாத்துட்டு சொல்லு."

அன்று காலை வாசலில் மனைவி இப்படி வழியனுப்பினாள்: "அவள அனுப்ப பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. பாவம், அந்த ஃபீஸ் மேல பழி போடாதீங்க."

காலை 8.30. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம். டிக்கெட் ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். கல்லூரி நன்றாக இருந்தது. வேப்பமரம், அகலமான வராந்தா, அன்பான காவலாளி. கேன்டீன் டீ பத்து ரூபாய்தான் என்பதை நான் கயலிடம் மூன்று முறை சொன்னேன். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக இருந்தன. தவளை, ஓணான், பாம்பு எல்லாவற்றையும் தாண்டிப் போனவள், கடைசியில் இருந்த ஒரே ஒரு நண்டுக் குடுவை முன்னால் நின்றுவிட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாதான் இருக்குப்பா."

நான் தேர்ந்தெடுத்த சுடிதாரைப் பார்த்தும் இதே குரலில் இதையேதான் சொல்வாள்.

காலை 9.50. புதுச்சேரி வண்டி. எல்லை வரும்போது சொல்லும்படி நடத்துநரிடம் கேட்டுக்கொண்டேன்.

"எந்த எல்லை சார்? மொதலாவதா, ரெண்டாவதா, மூணாவதா?"

"எத்தினி இருக்குது?"

"மதகடிப்பட்டு வந்தா பாண்டி. கண்டமங்கலம் வந்தா திரும்ப தமிழ்நாடு. அரியூர் வந்தா திரும்ப பாண்டி. தினம் எட்டு தபா போய்க்கினு வந்துக்கினு கெடக்கறேன். ஒரு தபாகூட வயித்த கலக்கல. நீங்க இன்னாத்துக்கு சார் பேஜாராவறீங்க?"

என் வயிற்றைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கயல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. வெளியே அதே கரும்பு, அதே புளியமரம். ஒரு மதுக்கடைப் பலகையும் அதையடுத்து ஒரு பெட்ரோல் பங்க்கும் வந்ததும்தான் மாநிலம் மாறியது எனக்குப் புரிந்தது.

"இந்த மாதிரி பங்க்லதாம்மா, வியாழக்கிழமை கடைக்கு சாமான் வாங்க பாண்டி வர்றப்ப நான் பெட்ரோல் போடுவேன். நம்ம ஊர விட வெல கம்மி" என்றேன், பெருமையாக.

காலை 11.40. கல்லூரி அலுவலகத்தில் இரண்டு வரிசை: புதுச்சேரி, வெளிமாநிலம். கயல் ஆய்வுக்கூடம் பார்க்கப் போனாள். நான் வெளிமாநிலத்தில் நின்றேன். பக்கத்து வரிசையில் பெரிய பெட்டியும் கசங்கிய சட்டையுமாக ஒருவர், மகனோடு.

"சாரே, எங்கேருந்து?" என்றார்.

"திண்டிவனம். பஸ்ல ஒரு மணி நேரம். நீங்க?"

"மாஹே. ரயில்ல பதினஞ்சு மணி நேரம்."

"அப்ப நீங்க நிக்க வேண்டியது இந்த வரிசை சார்."

அவர் சிரித்தார். மாஹே கேரளக் கரையில் இருந்தாலும் புதுச்சேரி அரசின் கீழ் வருகிற ஊராம். பதினைந்து மணி நேரம் பயணம் செய்தவர் உள்ளூர்க்காரர், சோறு சூடு ஆறும் முன்னே வந்து சேரக்கூடிய நான் அசலூர்க்காரன்!

"மாத்திக்கலாமா சார்?" என்றேன்.

"மாத்தலாம். எனக்கு ஹாஸ்டல் மட்டும் வருஷம் அறுபதாயிரம். அது போகட்டும், இவனை இனி ஓணத்துக்குத்தான் பார்ப்பேன். உங்க மோள் தினம் சாயங்காலம் வீட்டுல இருக்கும், இல்லே?" அந்த முகத்தைப் பார்த்ததும், முப்பதாயிரத்தைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த புலம்பலை விழுங்கிவிட்டேன்.

கயல் ஓடி வந்தாள். முழங்கை வரை ஈரம், மீன் வாடை. "அப்பா, உயிரோட நண்டுப்பா! தொட்டியில பதினோரு வகை. ஒண்ணு என் விரலைக் கவ்விக்கினு விடவே இல்ல." சிவந்த விரலைப் பதக்கம் போலக் காட்டினாள்.

என் முறை வந்தது. "கட்டறீங்களா சார்?" என்றார் கவுன்டரில் இருந்த அம்மா. கயல் பேச்சை நிறுத்தித் தரையைப் பார்த்தாள். சொன்னதைக் கேட்பதாக வாக்குக் கொடுத்தவள் அல்லவா!

"அதிகமா இருக்கே..." என்று பழக்கதோஷத்தில் இழுத்தேன்.

தரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "பெட்ரோல் போட வர்றப்ப மட்டும் இது நம்ம பாண்டி. நான் படிக்க வந்தா வெளிமாநிலமாப்பா?"

கைப்பேசியை எடுத்தேன். ரகசிய எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். இன்னொரு முறை தவறியிருந்தால் முடிவை வங்கியே எடுத்திருக்கும். மூன்றாவது முறை பணம் போனது.  கயல் மீன் வாடைக் கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மதியம் 2.15. மரத்தடியில் புளிச்சோற்றை மாஹேக்காரரும் அவர் மகனும் சேர நான்கு பேரும் பகிர்ந்துகொண்டோம். அவர் ஒரு பை நேந்திரங்காய் வறுவல் கொடுத்தார். நான் என் கைப்பேசி எண்ணையும், மிச்சமிருந்த எலுமிச்சம்பழங்களையும் கொடுத்தேன்.

மாலை 4.10. கிளியனூர் வழியாகத் திரும்பும் வண்டி. திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி என்று ஒரு முக்கோணத்தைச் சுற்றிவிட்டேன். மூன்று பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளம். அதில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் முப்பதாயிரம் அதிகம் என்று சாலையோரம் முழுக்கத் தேடியும் தெரியவில்லை. ஓடையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையும்தான் வந்தன.

வீட்டில் மனைவி கேட்டாள்: "கட்டிட்டீங்களா?"

"கட்டிட்டேன். ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் ஒரு ஆளுக்குச் சேத்துச் சமைச்சுடு."

"யாருக்கு?"

"ஒரு உள்ளூர்ப் பையன். ஹாஸ்டல் சாப்பாடு புடிக்கலன்னா வெளிமாநிலத்துக்கு வந்து சாப்டுன்னு சொல்லியிருக்கறேன்."