என் வரைபடத்தில் ஊருணியைக் காணோம்

நான்கைந்து வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மாதம். தொண்டியிலிருந்து உள்ளே எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் நடந்தது இது. நான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தொண்டி கடைத்தெருவில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் உண்டு. கணினி எனக்கு ஓரளவு வரும். அதைப் பற்றிப் பெருமை பேசுவது அதைவிட நன்றாக வரும். அந்தப் பெருமைதான் என்னை மாட்டிவிட்டது.

எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. மேலே இருக்கிற ஊரின் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக எங்கள் கண்மாய்க்கு வரவேண்டும். கண்மாயிலிருந்துதான் குடிதண்ணீர் ஊருணிக்கும் போகும். ஆனால் வரத்துக்கால் போன வழி முழுக்கச் சீமைக்கருவேல் மண்டி, கால்வாய் எது, காடு எது என்றே தெரியாமல் போய்விட்டது. இரண்டு வருடமாக மேல்கண்மாய் நிறைந்தும் எங்களுக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எல்லாம் எங்கெங்கோ சிதறி, கடைசியில் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. விதைத்த நெல் கருகியது. ஊருணியில் குடத்தைச் சாய்த்து மொள்ளும் அளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது. அதுவும் வற்றினால் லாரித் தண்ணீர்தான்.

அந்த நேரத்தில், வெளியூரில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தன்னுடைய ஜேசிபியை ஊருக்காக இரண்டு நாள் அனுப்புவதாகச் சொன்னார். இரண்டே நாள். அதற்குள் கால்வாயைத் தோண்டிவிட்டால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் வந்துவிடும். விட்டால் இன்னும் ஒரு வருடம் போச்சு. ஆனால் எங்கே தோண்டுவது? ஊர்க்கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டினார்கள். ஒருவர் வடக்கே என்றார். இன்னொருவர் பனங்காட்டை ஒட்டி என்றார். சண்டை முற்றுகிற நேரத்தில் நான் எழுந்து, "கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்றேன், ஒரு வாரம் குடுங்க" என்றேன்.

எனக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன். இலவசமாக இறக்கிக்கொள்ளும் வரைபட மென்பொருள் ஒன்று இருப்பது மட்டும் தெரியும். யாரும் காசு கேட்க மாட்டார்கள், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், உலகம் முழுக்க இருப்பவர்கள் சேர்ந்து செய்தது. என் கொழுந்தனாருக்குப் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பில் அதை ஏற்றவே இரண்டு நாள் ஆனது. பிறகு ஸ்கிரிப்ட். செயற்கைக்கோள் எடுத்த உயர அளவுகளை வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குப் போடும் சின்ன நிரல் அது. யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதி வைத்திருந்ததை எடுத்து, ஊர்ப் பெயரை மாற்றி ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் திட்டு விழுந்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும்.

ஒரு வழியாக ஓடியபோது எங்கள் ஊர் வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலுக்குள் போய் விழுந்திருந்தது. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மினிபஸ் ஓட்டுகிறார். சாப்பிட வந்தவர் தட்டோடு நின்று திரையைப் பார்த்தார். "நம்மூர்ல தண்ணி இல்லேன்னு எவன் சொன்னான்? ஊரே கடலுக்குள்ளல்ல கெடக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், சோற்றுப் பருக்கை மூக்கில் ஏறுகிற அளவுக்கு. ஆனால் அந்த ஒரு வாரமும் காலையில் பிள்ளைகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்பியது அவர்தான்.

ஆறாவது நாள் ஸ்கிரிப்ட் தடங்கல் இல்லாமல் ஓடியது. மேல்கண்மாயிலிருந்து எங்கள் ஊர்வரை நீலக்கோடு ஒன்று நெளிந்து வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடையிலேயே கலரில் பிரிண்ட் எடுத்து ஊர்த்தலைவரிடம் கொடுத்தேன். அவர் அதைச் சாமி படம் போல இரண்டு கையாலும் வாங்கினார். வடக்கே என்றவரும் பனங்காடு என்றவரும் வாயை மூடிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரே சொன்ன பிறகு என்ன பேச்சு?

ஜேசிபி வருவதற்கு முதல் நாள் காலையில், கோடு போகும் இடத்தில் சுண்ணாம்புப் பொடி தூவி அடையாளம் வைக்க நானும் இரண்டு பேரும் காட்டுக்குள் போனோம். போன் எங்கே நிற்கிறோம் என்று காட்டும். நான் சொல்லச் சொல்ல அவர்கள் தூவினார்கள். நடுக்காட்டில் கரிமூட்டம் போடுகிறவர்களின் கொட்டகை இருந்தது. கமுதிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கருவேலை வெட்டி அடுக்கி, மண் பூசி, உள்ளே தீ வைத்துப் பல நாள் புகையவிட்டுக் கரி எடுப்பார்கள். ஆறு வருடமாக அங்கேதான் இருக்கிறார்கள். ஆனாலும் அவர்களில் யாரிடமும் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதில் ஒருத்தி, முப்பது வயதிருக்கும், முகமெல்லாம் கரி, எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். நானும் பெரிய வாத்தியாரம்மா மாதிரி விளக்கினேன். இது மேல்கண்மாய், இது எங்கள் ஊர், பச்சை என்றால் மேடு, இந்த நீலம்தான் தண்ணீர் வரும் வழி.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இதுல ஊருணி எங்கனக்கா இருக்கு?"

காட்டலாம் என்று விரலை வைத்தேன். ஊருணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பச்சை. கண்மாயைத் தேடினேன். அதுவும் தட்டையாக, நிரப்பிய மாதிரி கிடந்தது.

அவள் விடவில்லை. "சங்கடப்படாதக்கா. நீ பொடி போட்டிருக்கியே, அந்த வழில நான் மூணு மூட்டம் போட்டிருக்கேன். அது மேடுல்ல? தண்ணி நிக்கிற எடத்துல மூட்டம் போட்டா கரி வேகாது. மேட்டப் பாத்துத்தான் போடுவோம்" என்றாள்.

சுண்ணாம்பை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தேன், முதல் முறையாக. அதில் ஒரு வரி: பள்ளங்களை நிரப்பு. மலைநாட்டில் இருக்கிற யாரோ எழுதியது போல. செயற்கைக்கோள் அளவில் தப்பாக விழும் குழிகளை முதலில் நிரப்பிவிட்டுத்தான் ஓடை கண்டுபிடிக்க வேண்டுமாம். அவர்கள் ஊருக்கு அது சரி. எங்கள் ஊரிலோ பள்ளம் எல்லாம் மனிதர்கள் வெட்டியது. கண்மாய், ஊருணி, குட்டை, கால்வாய் எல்லாவற்றையும் பிழை என்று நினைத்து அந்த ஒரு வரி மூடிவிட்டது. அந்த வரியை எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. படிக்காமல் ஓட்டியவள் நான்.

அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினால் நீலக்கோடே இல்லை. அம்மைத் தழும்பு போல அங்கங்கே குழிதான் தெரிந்தது. ஒரு புள்ளியே நூறடி அகலம் இருக்கிற அந்தப் படத்தில் பத்தடி அகலக் கால்வாய் எங்கே தெரியப்போகிறது? விடிந்தால் ஜேசிபி. எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்தபோதுதான் அவள் சொன்னது மறுபடி காதில் விழுந்தது. மேட்டைப் பார்த்துத்தான் போடுவோம்.

உச்சி வெயிலில் திரும்பப் போனேன். "ஏத்தா, ஆறு வருசத்துல நீ மூட்டம் போட்ட எடமெல்லாம் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். மேடெல்லாம் தெரிந்தால் மீதி பள்ளம், அதில் கால்வாய் இருக்கும் என்றேன். அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா நின்றாள். யோசிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு, "வாக்கா, செருப்ப நல்லா மாட்டிக்க, முள்ளு" என்று முன்னால் நடந்தாள்.

மூட்டம் பிரித்த இடத்தில் மண் வருடக்கணக்கில் கறுப்பாகவே கிடக்கும். அவள் ஒவ்வொரு வட்டமாகக் கூட்டிப்போனாள். இது இளைய மகன் வயிற்றில் இருந்தபோது போட்டது, இது மழையில் நனைந்து பாழாய்ப் போனது, இது நல்ல கரி கொடுத்தது. நான் ஒவ்வொன்றின் நடுவிலும் நின்று போனில் புள்ளி வைத்தேன். நாற்பதுக்கு மேல் சேர்ந்தன. செருப்பைத் துளைத்து முள் ஏறியது. அவள் என் காலைத் தன் மடியில் வைத்து, ஊக்கால் எடுத்துவிட்டாள்.

பொழுது சாயும் முன் புள்ளிகளை லேப்டாப்பில் ஏற்றினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் கறுப்பு வட்டம் போடும்படி நானே நாலு வரி எழுதினேன். சொந்தமாக நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் அதுதான். கறுப்பு வட்டங்கள் திரையில் நிறைந்தன. அவற்றுக்கு நடுவே, மேல்கண்மாயிலிருந்து எங்கள் கண்மாய் வரைக்கும், வளைந்து வளைந்து ஒரு வெற்றிடம் மட்டும் மிச்சமிருந்தது. முன்பு தெரிந்த குழிகளில் பெரும்பாலானவை அந்த வெற்றிடத்துக்குள்ளேயே விழுந்தன. இரண்டு இடத்தில் பொருந்தவில்லை. அதைக் காலையில் நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பிறகு ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போய், கூடியிருந்தவர்கள் முன்னால், முதலில் கொடுத்த படம் தப்பு என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கூச்சப்பட்டதில்லை. "கம்ப்யூட்டரு ஊருணிய முழுங்கிருச்சாம்ல" என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "தப்புன்னு அவளே வந்து சொல்றால்ல, அதப் பாருங்க" என்றார். யார் காட்டியது என்று கேட்டார்கள். கரிமூட்டம் போடுகிற பெண் என்றேன். தலைவர், "சரி, அந்தப் பிள்ள சொன்ன வழியவே வெட்டுவோம்" என்றார்.

காலையில் புது வழியில் வெட்டத் தொடங்கினார்கள். பொருந்தாத இரண்டு இடத்திலும் அவளே முன்னால் நின்று கை காட்டினாள். பதினொரு மணி இருக்கும், ஜேசிபியின் வாளி கல்லில் மோதியது. மண்ணைத் தள்ளினால், கால்வாய்க்குக் குறுக்கே வண்டி போக யாரோ எந்தக் காலத்திலோ போட்டுவைத்த பலகைக்கல். அடியில் தண்ணீர் போகும் வாய் அப்படியே இருந்தது. ஊரே கத்தியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையும் கரியாகிவிட்டது.

ஐப்பசி கடைசியில் மேல்கண்மாய் மறுகால் பாய்ந்தது. தண்ணீர் நுரையும் சருகுமாகத் தள்ளிக்கொண்டு எங்கள் கண்மாய்க்குள் இறங்கியபோது பெண்கள் குலவை போட்டார்கள். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு தூக்கில் பாயசம் எடுத்துக்கொண்டு கரையோரமாகவே காட்டுக்குப் போனேன்.

கொட்டகையைப் பிரித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கரை ததும்பிய தண்ணீர் இரண்டு பக்கமும் காட்டுக்குள் பரவி நின்றது. கறுப்பு வட்டங்கள் தீவு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன. வெட்ட வேண்டிய கருவேல் எல்லாம் தண்ணீருக்குள் நின்றது, இனி அங்கே மூட்டம் போட முடியாது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரிவாளோடு அவள் சும்மா நின்ற அந்தக் கொஞ்ச நேரம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"தண்ணி வந்தா உன் பொழப்பு போகும்னு அன்னைக்கே தெரியுமாத்தா?" என்று கேட்டேன்.

"தெரியும்க்கா. ஆறு வருசமா உங்க ஊருணித் தண்ணியத்தானே குடிச்சோம். அது வத்துறதப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்க? எங்களுக்கு வேற காடு கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு, பாயசத்தைத் தன் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் பரமக்குடிப் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு இப்போது வரைபட வேலை நன்றாகவே வரும். பக்கத்து ஊர்களிலிருந்தும் தங்கள் கண்மாய்க்குக் கால்வாய் பார்க்கச் சொல்லி வருகிறார்கள். யார் வந்தாலும் லேப்டாப்பைத் திறக்கும் முன், அந்த வழியில் யார் குடியிருக்கிறார்கள், என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களை நேரில் பார்த்துவிட்டு வந்துதான் முதல் கோட்டைப் போடுகிறேன்.