காயட்டும் என்றார் ரெஜினா அக்கா

கிளென் ஈடனில் வசித்த ரெஜினா அக்கா வியாழக்கிழமை காலை மாரடைப்பால் காலமானார். தொலைபேசியில் செய்தி சொன்னவர் அவருடைய கணவர் சூசை அண்ணன். பிறகு, "தம்பி, கேரவன் சுவர் திறந்தபடி கிடக்கு. மழை வரும்போல இருக்கு," என்றார். எப்சத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் போய்ச் சேர்ந்ததும் இருவருமாகத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அந்தக் கேரவனும் தெரிந்திருக்கும். காரில் பூட்டி இழுத்துப் போகிற பழைய வண்டி; வீட்டின் பின்னால் நிற்கிறது. மன்னாரிலிருந்து வரவிருக்கும் தங்கை பிலோமினாவை அதில்தான் தங்கவைக்க நினைத்திருந்தார். மகளின் குடும்பமும் கூட இருப்பதால் வீட்டில் இடமில்லை. தங்கைக்கு ஆஸ்துமா. கேரவனிலோ ஒவ்வொரு மழைக்கும் கட்டிலோரம் நனைந்தது, சுவரில் பூஞ்சணம் பிடித்தது. "அவள் இதுக்குள்ள ஒரு கிழமை படுத்தாளெண்டால் நேரா ஆஸ்பத்திரிதான்," என்றார் என்னிடம்.

கட்டிலுக்கு மேலே ஜன்னல். ஆகவே எல்லோரும் ஜன்னலைத்தான் குற்றம் சொன்னோம். சூசை அண்ணன் அதைச் சுற்றித் திரும்பத் திரும்ப, ஓட்டை அடைக்கிற சிலிக்கோன் பசையைப் பூசினார். ஒழுக்கு நிற்கவில்லை. "தண்ணி சொட்டுற இடம் வேற, நுழையிற இடம் வேற. நீங்கள் சொட்டுற இடத்தோட சண்டை பிடிக்கிறீங்கள்," என்றார் அக்கா.

ஒரு சனிக்கிழமை என்னையும் வரச் சொன்னார். காற்றுத் துவாரங்களை டேப் ஒட்டி அடைத்து, விசிறி வைத்துக் கேரவனுக்குள் காற்றை ஏற்றினார். வெளியே நின்று சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் பூசுவது என் வேலை. ஓட்டை இருந்தால் அங்கே நுரை கிளம்பும். ஜன்னலைச் சுற்றி ஒன்றுமில்லை. அதற்கு மேலே, இணைப்பே இல்லாத வெறும் தகட்டில் குமிழ்கள் வந்தன.

அக்கா உள்ளே போய் அதே உயரத்தில் பார்த்தார். மாதா சுரூபம் வைத்த சிறு தட்டு இருந்தது. வண்டி வாங்கிய அன்றே பாதிரியாரை அழைத்து மந்திரிக்கச் செய்து, அண்ணன் தன் கையால் பூட்டியது. கேரவனில் மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தவர்கள் அதை மட்டும் தொட்டதில்லை.

"மாதாவையே சந்தேகப்படுறியோ?" என்றார் அண்ணன்.

"மாதாவை இல்லையப்பா. நீங்கள் பூட்டின ஸ்க்ரூவை."

"முனை கொஞ்சம் வெளியில வந்தது. அராவிப்போட்டுப் பெயின்ட் அடிச்சனான்."

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

அண்ணன் உடனே சிலிக்கோன் குழாயை எடுத்தார். அக்கா அதைப் பறித்துக்கொண்டார். "ஈரத்தை உள்ள வைச்சு அடைச்சால் பலகை உக்கும். காயட்டும்." மாதாவை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, உட்பலகையைக் கழற்றி, நனைந்த மரச்சட்டத்துக்கு நேராக விசிறியைத் திருப்பினார். அது காய்ந்து முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

நேற்று அடக்கம் முடிந்து திரும்பியதும், நாளைக்கே வந்து அடைத்துவிடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் சுவருக்குள் கையை விட்டு மரத்தைத் தடவினார்.

"இன்னும் குளிருது தம்பி. அவசரப்படாதேங்கோ. காயட்டும்."

அந்தப் பிரஷ் என்னிடம்தான் இருக்கிறது. எதையும் சொட்டுகிற இடத்தில் மட்டும் தேடி நிறுத்திவிடக் கூடாது என்ற எண்ணமும் அக்கா தந்ததுதான். பிலோமினாவின் விசா இன்னும் வரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்குள் அவர் வந்துவிடுவார் என்று மகள் எதிர்பார்க்கிறார். சுவரை இந்தச் சனிக்கிழமை அடைக்கிறோம், மரம் காய்ந்திருந்தால்.