தகரக் கொட்டகைச் சங்குகள்

கனகவல்லி போய்விட்டாள் என்ற செய்தியை உத்திரமேரூர் பஸ் கண்டக்டர்தான் கல்லூரி வாசலில் சொல்லிவிட்டுப் போனார். விலங்கியல் துறையில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. மறுநாள் சாவுக்கு வந்த உங்களில் சிலர், ஏன் சங்கு ஊதவில்லை என்று என்னைத் தனியே கேட்டீர்கள். வேண்டாமென்று அவளே தம்பியிடம் சொல்லி வைத்திருந்தாள். காரணம் எனக்குத் தெரியும். அவளை அறிந்தவர்களிடம் அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

நான் வேதியியல் துறை. அவள் தொட்டித் தண்ணீரின் உப்பை அளந்து கொடுப்பதற்காகத்தான் முதலில் அவள் வீட்டுக்குப் போனேன். கல்லூரியில் இடம் தராததால், வீட்டுப் பின்கட்டு மாட்டுக் கொட்டகையில் மூன்று சிமெண்ட் தொட்டிகள் கட்டியிருந்தாள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி வரும் வேனில் பீப்பாய் பீப்பாயாகக் கடல்நீர் வரும். தொட்டிகளில் சங்குக் குஞ்சுகள். சங்கு சிறுத்தால் சங்கை அறுத்து வளையல் செய்யும் வியாபாரி தொடமாட்டான், கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளிகாரர்கள் பிழைப்பு போய்விடும். கடல் சூடேறினால் அதன் வளர்ச்சி என்ன ஆகும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

சங்குக்குள் உயிர் இருக்கும் என்றே அந்தத் தெருவில் யாரும் நினைத்ததில்லை. அவர்களுக்குச் சங்கு என்றால் பூஜைக்கும் சாவுக்கும் உரியது. ஓட்டுக்குள்ளிருந்து செங்கல் நிறத்தில் சதை நீண்டு ஊர்வதைப் பார்த்த பால்காரர் அதன்பின் கொட்டகைப் பக்கமே வரவில்லை. மத்தியானங்களில் சிமெண்டை நகத்தால் கீறுவது போல ஒரு சத்தம் கேட்கும். எனக்கே அது பிடிக்காது.

ஈரச் சாக்கு போர்த்திய தொட்டியில் சங்குகள் மெல்ல வளர்ந்தன. நிழலில் வைத்த இரண்டாவது தொட்டிச் சங்குகள் அவற்றை முந்தின. தகரக் கூரையின் கீழ் இருந்த மூன்றாவது தொட்டியில் முதலில் எல்லாவற்றையும் விட வேகமாக வளர்ந்தன. கோடை முற்றியதும் அப்படியே நின்றுவிட்டன. இரை எடுக்காமல், மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு கிடந்தன. செத்துவிட்டன, கொட்டிவிடு என்றேன். கனகா ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.

"செத்தா நாறும். இது காத்துக்கினு கீது."



அந்த அக்னி நட்சத்திரத்தில்தான் அவள் அப்பா படுத்தார். மூன்றாவது தொட்டியில் கீறல் சத்தம் நின்றதும் அவர் படுத்ததும் ஒரே வாரம் என்று தெரு கணக்குப் போட்டது. பக்கத்து வீட்டு முனியம்மா என் எதிரிலேயே சொன்னாள்.

"உசுரோட கீற சங்க வூட்ல வச்சிக்கினா அது ஆளக் கூப்புடும்மா. உங்க நைனாவத்தான் கூப்ட்டுக்கினு கீது. எட்த்துப் போட்ரு."

எடுத்தால் வெயில் முடியும்வரை பார்த்தாக வேண்டிய ஆராய்ச்சி பாழ். வைத்திருந்தால் ஊர் வாயில் அப்பனைக் கொன்றவள். அவள் கட்டிலருகே போய் அப்பாவையே கேட்டாள். மனுஷன் அந்த நிலையிலும் கிண்டல் விடவில்லை.

"இருக்கட்டும்மா. நான் பூட்டா ஊதறதுக்கு வெளிய தேட வாணாம் பாரு."

தொட்டி இருந்தது. அவர் போய்விட்டார்.

தகவல் கிடைத்து நான் பஸ் ஏறினேன். திருப்புலிவனம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து வீட்டுக்குள் நுழைந்தால், வாசலில் பிணத்தருகே ஆளில்லை. கூட்டம் முழுக்கப் பின்கட்டில். மூன்றாவது தொட்டியில் அத்தனை சங்குகளும் மூடி திறந்து, சதையை முழுக்க நீட்டி, தெருவைப் பார்த்த சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. வாசலில் சங்கு ஊதியவர் தன் சங்கைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். கனகா கையில் வெப்பமானி. மழை பெய்து தகரம் குளிர்ந்தது, தண்ணீர்ச் சூடு இறங்கியது, அதனால் வெளியே வந்தன என்று, வகுப்பில் பாடம் நடத்தும் குரலில் சொன்னாள். ஜனங்கள் கலைந்தார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்தச் சங்குகள் திரும்ப வளர்ந்தன. வளர்ச்சி நின்ற இடத்தில் ஓட்டில் ஒரு தழும்பு விழுந்திருந்தது. "கடல் பட்ட சூட்டை அது ஓட்டுலயே வச்சிருக்கும்" என்று மாணவிகளிடம் தடவிக் காட்டுவாள். கட்டுரை வெளிவந்தது, பாராட்டு கிடைத்தது. அப்பா செத்த நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீ நனைஞ்சுக்கினு வந்தே, ஞாபகம் இருக்கா? மழை அப்பத்தான் ஆரம்பிச்சது. சங்கு ஊதினது அதுக்கு முன்னாடி. ஊதின உடனே அதுங்க வெளிய வந்துடுச்சு. நான் பக்கத்துலயே நின்னேன். தண்ணி அப்பவும் கொதிச்சுக்கினு இருந்தது."

உன்னால் அவர் சாகவில்லை கனகா என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள். ஆனால் கையை விடவில்லை.

அவள் அன்பு, அவள் படிப்பு, வகுப்பில் அவள் குரல் எல்லாம் உங்களிடமும் இருக்கும். சங்கு ஊதியதற்கும் மழைக்கும் இடையில், இத்தனை வருஷம் ஒருத்தியாக அவள் சுமந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் என்னிடம் இருக்கிறது.